ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு எந்த பேக்டு பாஸ்தா?

பேக்டு பாஸ்தா என்றாலே ஒன்றரை மணி நேர வேலை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாம் அடுப்பு முன்னால் நிற்பது எவ்வளவு, ஓவன் தன்பாட்டுக்கு ஓடுவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். ஓவன் ஓடுகிற நேரத்தில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், துணி மடிக்கலாம், கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரவும் செய்யலாம். அதனால் எந்த முறை நல்லது என்று பார்க்கும்போது மொத்த நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சாப்பிட உட்காரும் வரை என் கை எத்தனை நிமிடம் வேலை செய்கிறது, சிங்க்கில் எத்தனை பாத்திரம் விழுகிறது, இந்த இரண்டையும்தான் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நானும் இவரும் வேலைக்குப் போகிறோம், ஐந்தாவதும் ஒன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்புறம் அத்தை. இருப்பது ஒரு 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன். ஐந்து பேருக்கு 300 கிராம் பாஸ்தா சரியாக இருக்கிறது, கீழே சொல்லும் அளவெல்லாம் அதற்குத்தான். நான்கு முறைகளையும் பல தடவை செய்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன், எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடை போடப் போவதில்லை, எனக்கு எது பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்கிற வழக்கமான முறை. ஒரு அடுப்பில் பாஸ்தாவை வேகவைத்து வடிக்க வேண்டும், இன்னொரு அடுப்பில் சாஸ், இரண்டையும் கலந்து ட்ரேயில் கொட்டி மேலே சீஸ் தூவி 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ருசியில் இதை அடித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வாயில் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். ஆனால் சுளையாக நாற்பது நிமிடம் நிற்க வேண்டும், பெரிய பாத்திரம், வடிதட்டு, கடாய், ட்ரே, கரண்டிகள் என்று கழுவவும் குவிந்துவிடும். தென் இத்தாலியில் 'பாஸ்தா அல் ஃபோர்னோ' என்று சொல்லும் இந்தச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் உரியது, வீடு நிறைய ஆட்கள் கூடும் நாளில், பல கைகள் சேர்ந்து செய்வது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் வீட்டில் அதுவே 'பேக்டு ஸீட்டி' ஆனது. ஊர் கூடிச் செய்யும் சமையலை, ஆபீஸ் விட்டு வந்த ஒற்றை ஆள் செவ்வாய்க்கிழமை இரவில் அப்படியே செய்ய நினைத்தால் அலுப்புதான் மிஞ்சும். விடுமுறை நாளில், விருந்தாளி வரும்போது இதைச் செய்யுங்கள். அப்போதும் ஒன்றை மறக்க வேண்டாம், பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் ஏழு, எட்டு நிமிடத்திலேயே வடித்துவிட வேண்டும். முழுதாக வெந்த பாஸ்தா ஓவனுக்குள் மறுபடியும் வேகும், வெளியே எடுக்கும்போது கூழாகிவிட்டிருக்கும்.

இரண்டாவது, பாஸ்தாவை வேகவைக்காமல் பச்சையாகவே ட்ரேயில் கொட்டுவது. கேட்டால் நம்பிக்கை வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் விஷயம் எளிதுதான், காய்ந்த பாஸ்தாவுக்குத் தேவை தண்ணீரும் சூடும், அது அடுப்பில் கிடைத்தால் என்ன, மூடிய ட்ரேயில் கிடைத்தால் என்ன. 300 கிராம் பாஸ்தாவுக்கு சாஸும் தண்ணீரும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வேண்டும், அதாவது இரண்டு கப் தக்காளி சாஸ், இரண்டு கப் தண்ணீர். உப்பு, பூண்டு, சில்லி ஃப்ளேக்ஸ், ஓரிகானோ, பொடியாக நறுக்கிய குடைமிளகாய், ஸ்வீட் கார்ன், இரண்டு ஸ்பூன் எண்ணெய், எல்லாம் ட்ரேயிலேயே போட்டுக் கலக்கி, பாஸ்தா முழுதும் முங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஃபாயிலால் இறுக்கி மூடி 210 டிகிரியில் 35 நிமிடம். அப்புறம் திறந்து ஒரு கிளறு, மேலே சீஸ், மூடாமல் இன்னொரு பத்து நிமிடம். கை வேலை பத்து நிமிடம்தான், கழுவ ஒரு ட்ரே, ஒரு கரண்டி.

இதில் சறுக்குகிற இடங்கள் சில உண்டு, அவை தெரியாமல் இறங்கினால் முதல் தடவையே மனம் விட்டுப்போகும். நான் முதலில் செய்தபோது நடுவில் நன்றாக வெந்திருந்தது, நான்கு மூலையிலும் பாஸ்தா கடக் கடக்கென்று நின்றது. சின்னவள் ஒன்றைக் கடித்துவிட்டு அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். ஃபாயில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நீராவி வெளியே போனதுதான் காரணம். ட்ரேயின் விளிம்பைச் சுற்றி மடித்து அழுத்தி மூட வேண்டும், மூடியுள்ள பாத்திரம் ஓவனுக்குள் போகுமென்றால் இன்னும் நல்லது. அடுத்தது, ஊற்றுகிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், சாஸும் சுட வைத்ததாக இருக்க வேண்டும். ஓடிஜி சின்னது, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைச் சூடேற்றவே கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதுவரை பாஸ்தா சும்மா ஊறிக்கொண்டிருக்கும். கெட்டியான சாஸை மட்டும் ஊற்றினாலும் வேகாது, அதில் பாஸ்தா உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. பாஸ்தாவின் வடிவமும் முக்கியம். பென்னே, ஃபுஸில்லி இரண்டும் இதற்கு ஏற்றவை, எல்போ மக்ரோனி சீக்கிரம் குழைந்துவிடும், பெரிய சங்கு வடிவம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு நடுவில் வேகாமல் நிற்கும். 20 நிமிடம் ஆனதும் ஒரு தடவை திறந்து கிளறி மறுபடி மூடிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

இன்னொன்று, பாக்கெட்டின் பின்னால் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். டூரம் கோதுமை ரவை என்று இருந்தால் இந்த முறையைத் தாங்கும். மைதா கலந்தவை மாவுப்பசையை விட்டு சாஸைக் கஞ்சி போல ஆக்கிவிடும், அதை முதல் முறையில் வேண்டுமானால் சமாளிக்கலாம், இதில் முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, எங்கள் வீட்டில் இப்போது அதிகம் நடப்பதும் அதுதான். முந்தின நாள் இரவு, சாப்பாடு முடிந்து அடுப்படி ஒழிந்த பிறகு, பாஸ்தாவைப் பாதி வேக்காட்டில் வடித்து, சாஸில் கலந்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. மறுநாள் மாலை ஏழு மணிக்கு வந்ததும் ஓடிஜியைப் போட்டுவிட்டு, பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்து, முகம் கழுவி உடை மாற்றிவிட்டு வந்தால் ஓவன் சூடாகியிருக்கும். மூடி போட்டு 190 டிகிரியில் 30 நிமிடம், சீஸ் தூவித் திறந்து 10 நிமிடம். எட்டு மணிக்கு மேசையில் இருக்கும், அன்று மாலை என் கை செய்தது ஐந்து நிமிட வேலை. மொத்த வேலை வழக்கமான முறையைவிடக் குறைந்ததா என்றால் இல்லை, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு ஒரு பக்கம் ஏதாவது கேட்டுக்கொண்டே நிதானமாகச் செய்யும் அரை மணி நேரமும், ஏழரை மணிக்குப் பசியோடு இரண்டு பிள்ளைகள் காலைச் சுற்றும்போது செய்யும் அரை மணி நேரமும் ஒன்றா? இரண்டையும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு இரண்டு திருத்தம் வேண்டும். இரவு முழுதும் பாஸ்தா சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் வழக்கமான முறைக்கு மூன்று கப் சாஸ் என்றால் இதற்கு மூன்றரை, அதுவும் தளதளவென்று தளர்வாக. வேகவைப்பதும் ஆறு நிமிடத்துக்கு மேல் கூடாது, வடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி வேக்காட்டை நிறுத்திவிடுங்கள். இத்தாலியர்கள் அலசுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மாவுச்சத்து போய்விடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மறுநாள் வரை காத்திருக்கும் பாஸ்தாவுக்கு அலசுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாத்திரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த முறையில்தான் அது ஆபத்தாகும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கண்ணாடி ட்ரேயைச் சூடான ஓவனுக்குள் நேரே வைக்கவே கூடாது, திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடலாம், உடைந்து சிதறவும் செய்யலாம். சரி, அலுமினிய கேக் டின்னில் வைக்கலாமே என்றால், தக்காளிப் புளிப்பு இரவு முழுதும் அலுமினியத்தில் இருப்பது நல்லதில்லை, உலோக வாடை ஏறும், டின்னும் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். நான் அடி தட்டையான, பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத எவர்சில்வர் பாத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறேன், ஃபிரிட்ஜுக்கும் ஓவனுக்கும் ஒரே பாத்திரம். கண்ணாடி ட்ரே மட்டுமே இருக்கிறது என்றால் இரவில் எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிட்டு மறுநாள் ட்ரேக்கு மாற்றி, கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு உள்ளே வையுங்கள்.

நான்காவது, குக்கர். ஓவன் இருக்கிறது, ஆனால் முக்கால் மணி நேரம் காத்திருக்க முடியாது என்ற நாளுக்கு இது. குக்கரில் எண்ணெய், பூண்டு, வெங்காயம் வதக்கி, சாஸ் ஊற்றி, பாஸ்தா போட்டு, முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மிதமான தீயில் ஒரே விசில். விசில் வந்ததும் கரண்டியால் வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஆவியை விட்டுவிட வேண்டும், தானாக அடங்கட்டும் என்று விட்டால் குழைந்துவிடும். பாஸ்தா நுரைத்துப் பொங்கும், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், எண்ணெய் ஒரு ஸ்பூன் கூடவே இருக்கட்டும். பிறகு ட்ரேயில் கொட்டி சீஸ் தூவி, ஓடிஜியில் மேல் கம்பியை மட்டும் போட்டு 230 டிகிரியில் எட்டு நிமிடம். அரை மணி நேரத்தில் சாப்பிடலாம். ஆனால் இதை பேக்டு பாஸ்தா என்று சொல்ல எனக்கு முழு மனதில்லை. மேலே பொன்னிறமாக இருக்கும், ஓரத்தில் மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பகுதி வராது, எங்கள் வீட்டில் பிள்ளைகள் சண்டை போடுவதே அதற்குத்தான். ஓடிஜி இல்லாமல் கிரில் வசதி உள்ள மைக்ரோவேவ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி.

ஃபெட்டா பாஸ்தாவைப் பற்றியும் கேட்பீர்கள். பின்லாந்தில் 2019-இல் பரவத் தொடங்கி 2021-இல் டிக்டாக் வழியாக உலகம் முழுதும் போனது. ஒரு கட்டி ஃபெட்டா சீஸைச் சுற்றி செர்ரி தக்காளியைப் பரப்பி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி பேக் செய்து, நசுக்கி, வெந்த பாஸ்தாவைக் கலப்பது. வேலை உண்மையிலேயே குறைவு. ஆனால் நம் ஊரில் ஃபெட்டாவும் செர்ரி தக்காளியும் வாங்கும் விலைக்கு மற்ற முறைகளில் இரண்டு இரவுக்குச் சமைத்துவிடலாம், அந்த உப்பும் புளிப்பும் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்பதும் சந்தேகம். ஃபெட்டாவுக்குப் பதில் பன்னீர் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பால் புளிப்பால் திரிந்து வந்த பன்னீர் எவ்வளவு சூடேறினாலும் உருகாது, குழையாது, இறுகத்தான் செய்யும். அதே பன்னீரைக் கையால் உதிர்த்து, இரண்டு ஸ்பூன் பாலும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு அடுக்கு பாஸ்தாவுக்கு நடுவில் பரப்பினால் இத்தாலியர்கள் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸை வைக்கும் இடத்தில் அழகாகப் பொருந்தும், அதை நான் அடிக்கடி செய்கிறேன்.

லசான்யாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலைக்குப் போகிற வீட்டில் வார நாளில் அடுக்கடுக்காக அதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

இனி சாஸ். சிவப்பா வெள்ளையா என்பது ருசி சார்ந்த கேள்வி போலத் தெரியும், வார நாளில் அது நேரம் சார்ந்த கேள்வி. வெள்ளை சாஸுக்கு 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, அரை லிட்டர் பால், எட்டு பத்து நிமிடம் கையை எடுக்காமல் கிளற வேண்டும், அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தால் அடி பிடித்துவிடும். ஆறினால் களி போல இறுகும், அதனால் முந்தின இரவே செய்து வைக்கும் முறைக்குப் பால் அதிகம் விட்டு மிகவும் தளர்வாகச் செய்தால்தான் தாங்கும். தக்காளி சாஸ் அப்படியில்லை, மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ தக்காளி, மூன்று வெங்காயம், பதினைந்து பல் பூண்டு, இரண்டு கேரட் எல்லாவற்றையும் குக்கரில் வேகவைத்து அரைத்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்க வைத்தால் ஆறு கப்புக்குக் குறையாமல் வரும், இரண்டு இரவுக்கு ஆகும். ஃபிரிட்ஜில் நாலு நாள் நிற்கும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில். பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், சாஸ் சீக்கிரம் கெட்டியாகும். நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பு தூக்கிவிடும், பாதிக்குப் பாதி போடுங்கள். அந்தப் புளிப்பைத் தணிக்கத்தான் கேரட், சர்க்கரை தேவையில்லை. வெள்ளை சாஸ் கேட்டு அடம் பிடிக்கிற பிள்ளை இருந்தால் தக்காளி சாஸில் அரை கப் ஃப்ரெஷ் க்ரீம் கலந்து ரோஸ் நிறமாக்கிவிடுங்கள், எங்கள் வீட்டுச் சின்னவள் அதோடு சமாதானமாகிவிட்டாள்.

சீஸில் பலர் ஏமாறுகிறார்கள். துருவியே வரும் பாக்கெட்டுகளில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டார்ச் போன்ற பொடி தூவியிருப்பார்கள், அதனால் கட்டியாக வாங்கித் துருவியது போல ஒன்றோடொன்று கலந்து உருகாது. கட்டி மொஸரெல்லா 150 கிராம் துருவிக்கொள்ளுங்கள், அது நூல் நூலாக இழுக்கும், ஆனால் ருசி மந்தம். கூடவே இரண்டு பிராசஸ்டு சீஸ் க்யூப் துருவிக் கலந்தால் உப்பும் ருசியும் வந்துவிடும். மேலே மொறுமொறுப்பு வேண்டுமென்று ரஸ்க்கைப் பொடித்துப் போட வேண்டாம், அது இனிக்கும். காய்ந்த இரண்டு பிரெட் துண்டை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வெண்ணெயில் புரட்டித் தூவுங்கள்.

காளான், கீரை, சுரைக்காய் மாதிரி தண்ணீர் விடும் காய்களைப் பச்சையாகப் போடாதீர்கள், எந்த முறையானாலும் முதலில் வதக்கி நீரை வற்ற வைத்த பிறகுதான். கொத்துக்கறி போடுவதாக இருந்தாலும் முழுதாக வேகவைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். சைவ வீட்டில் வெந்த கொண்டைக்கடலை ஒரு கப் சேர்த்தால் வயிறு நிறையும், இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பிள்ளைகள் மறுபடி ஏதாவது கேட்டு நிற்பார்கள்.

கரண்ட் செலவு என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஆனால் குறித்த சூடு வந்ததும் அது தானே அணைந்து அணைந்து எரியும், ஆகவே அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். வாரத்துக்கு ஒரு நாளைக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆக, எதை எடுப்பது? மறுநாள் மாலை எப்படி இருக்கும் என்று முந்தின இரவே தெரிந்தால், மீட்டிங் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது என்று தெரிந்தால், மூன்றாவது முறையை யோசிக்காமல் எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்று இட்லி மாவு தீர்ந்துவிட்டது என்று தெரிகிறதா, ஃபிரிட்ஜில் சாஸ் இருக்கிறதா, இரண்டாவது முறை. பசி தாங்காத சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு குக்கர். வயதானவர்கள் ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்றாலும் குக்கர்தான், இல்லையென்றால் முந்தின இரவே செய்து வைத்ததில் ஒரு பங்கைப் பிரித்துவிடலாம். அத்தைக்கு சீஸ் வாடை ஆகாது, அதனால் அவர் பங்கைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் தனியாக எடுத்து, பச்சை மிளகாய் கீறிப் போட்டு, கொத்தமல்லி தூவி, அதே ஓவனில் ஓரமாக வைத்து முதலில் எடுத்துவிடுவேன். இரண்டாவது முறையில் இப்படிப் பிரிப்பது கஷ்டம், தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும்.

மிஞ்சினால், சென்னை வெயிலுக்கு ராத்திரி முழுதும் மேசையில் விட்டுவிடாமல் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்ததும் அது கட்டியாக நிற்கும், சதுரமாக வெட்ட வரும். காலையில் தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்தத் துண்டுகளை வைத்து, மேலே இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் உள்ளே நன்றாகச் சூடேறும் வரை ஐந்தாறு நிமிடம் விட்டால் அடிப்பக்கம் முறுகலாக வந்துவிடும், டிபன் பாக்ஸுக்கு அது போதும்.